பால் கணக்கும் புரோகிராமும்

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்கத் தொடங்குவது இந்த நாளில் மிகவும் சுலபம். பாடம் சொல்லும் படங்கள் கைப்பேசியிலேயே ஆயிரக் கணக்கில் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும் தொடங்கியவர்களில் பலர் மூன்று நான்கு மாதங்களில் ஒரே இடத்தில் வந்து நின்று விடுகிறார்கள். "பாடம் சொல்லும்போது எல்லாம் புரிகிறது. நானாக உட்கார்ந்தால் ஒரு வரி கூட வரவில்லை" என்பது அவர்களுடைய புலம்பல். இந்தப் புலம்பலை நாம் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் கும்பகோணத்தில் நம் பழைய நண்பர் ஒருவருடைய வீட்டில் கேட்டபோதுதான் அதற்குப் பரிகாரம் என்ன என்பதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பும் நமக்குக் கிடைத்தது.

நண்பர் தாலுகா ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் அன்றிரவு உறக்கம் கொள்ளாத பேர்வழி. நாம் போயிருந்த அன்று அவருடைய முகம் வாடியிருந்தது. காரணம், பேத்தி. பெண் பி.காம். தேறியவள். கம்ப்யூட்டர் உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். அதற்குப் பணம் கட்டுவதற்காகத் தாயாரின் வளையல்கள் அடகுக்குப் போயிருந்தன. எட்டு மாதம் பாடம் கேட்டாள். நோட்டுப் புத்தகங்கள் மூன்று நிரம்பின. பிறகு சென்னையில் ஒரு கம்பெனி நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தது.

அங்கே ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கொடுத்தார்களாம். ஒன்று முதல் நூறு வரை எண்களை வரிசையாக எழுத வேண்டும். மூன்றால் வகுபடும் எண் வந்தால் எண்ணுக்குப் பதில் ஒரு சொல், ஐந்தால் வகுபடுவது வந்தால் வேறொரு சொல், மூன்று ஐந்து இரண்டாலும் வகுபடுவது வந்தால் இரு சொற்களும். இதற்கு ஒரு புரோகிராம் எழுது என்றார்கள். உலகெங்கும் நேர்முகப் பரீட்சைகளில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி இது. பத்து வரியில் முடிந்துவிடும். பெண் இருபது நிமிஷம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெற்றுத் தாளைத் திருப்பிக் கொடுத்து வந்துவிட்டாள். மூன்றாம் நாள் வரையில் சரியாகச் சாப்பிடவில்லை.

"இந்த வித்தை இவளுக்கு வராது, பாங்கிப் பரீட்சைக்குப் படிக்கட்டும் என்கிறான் இவள் அப்பன். ஆறு மாதம் தவணை கொடு என்று நான் சொல்லியிருக்கிறேன். நீரே சொல்லும், கொடுத்தது சரியா, தப்பா?" என்று நண்பர் கேட்டார்.

பெண்ணைக் கூப்பிட்டுப் பேசினோம். அவளுக்கு விஷயம் தெரியாமலில்லை. 'மாறி' என்றால் என்ன, 'சுழல்' என்றால் என்ன, நிபந்தனை எப்படிச் சொல்வது என்று எதைக் கேட்டாலும் பதில் பளிச்சென்று வந்தது. "நீயாக ஏதாவது எழுதியிருக்கிறாயா, அம்மா?" என்று கேட்டோம். "வகுப்பில் அவர்கள் எழுதினதை எல்லாம் நானும் எழுதியிருக்கிறேன், மாமா" என்றாள். "அதைக் கேட்கவில்லை. யாரும் எழுதிக் காட்டாத ஒன்றை?" பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோலம் போடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டி புள்ளி வைத்து இழை இழுப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பத்து வருஷம் பார்த்த பெண்ணுக்கு, எந்தப் புள்ளிக்கு அப்புறம் எந்தப் புள்ளி என்று வாயால் சொல்லத் தெரியும். மாவைக் கையில் எடுத்த முதல் நாளில் இழை எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நிற்கும். அவள் கண் பத்து வருஷம் படித்திருக்கிறது. விரல்கள் அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் சேருகின்றன. பயிற்சி வகுப்பில் நம் நண்பரின் பேத்திக்கு நடந்தது இதுதான். எட்டு மாதமும் யாரோ போட்ட கோலத்தின் மேலேயே இழை ஓட்டிவிட்டு, தனக்குக் கோலம் போடத் தெரியும் என்று நம்பிவிட்டாள். குற்றம் அவளுடையது என்று நாம் சொல்லவில்லை. அப்படி நம்பும்படிதான் அந்தப் பாடங்கள் அமைந்திருக்கின்றன. எழுதுகிறவர் தடுமாறுவதே இல்லை. அவருடைய புரோகிராம் முதல் தடவையிலேயே ஓடிவிடுகிறது. அவர் தடுமாறிய இரண்டு மணி நேரத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத்தான் படமாகக் காட்டுகிறார். மாணவன் கற்க வேண்டியதோ அந்த வெட்டி எறிந்த பகுதியில் இருக்கிறது.

பேச்சு இந்த இடத்துக்கு வந்தபோது சமையலறையிலிருந்து நண்பரின் மனைவியார், "மாதக் கடைசி வந்துவிட்டது. பால் கணக்கை யாராவது பாருங்களேன்" என்று குரல் கொடுத்தார். அந்த வீட்டில் பால்காரர் தினம் இரண்டு அளவு ஊற்றுவார். அரை லிட்டர் கொண்ட ஓர் அளவு முப்பது ரூபாய். வேண்டாம் என்ற நாளும் உண்டு. விருந்தாளி வந்து மூன்று அளவு வாங்கிய நாளும் உண்டு. எல்லாம் நாட்காட்டியில் பென்சில் குறியாக இருக்கும்.

"இந்தக் கணக்கைப் போட ஒரு புரோகிராம் எழுது, அம்மா. புத்தகத்தையும் படத்தையும் பார்க்கக் கூடாது. வராவிட்டால் ஒரு சொல்லை மட்டும் தேடிப் பார், முழுவதையும் தேடாதே" என்றோம். பெண் எங்களைப் பார்த்த பார்வையில் ஏமாற்றம் தெரிந்தது. ராக்கெட் விடக் கற்க வந்தவளிடம் பால் கணக்கைக் கொடுத்தால் வேறு எப்படிப் பார்ப்பாள்?

முதல் நாள் அவள் எழுதியது நான்கு வரி. எத்தனை அளவு என்று கேள், வாங்கிக்கொள், முப்பதால் பெருக்கு, விடையைக் காட்டு. இரண்டு என்று தட்டினாள். கம்ப்யூட்டர் விடை சொல்லிற்று: 222222 என்று தொடங்கி ஒரே இரண்டுகள், மொத்தம் முப்பது. ஒரு நாள் பாலுக்கு அவ்வளவு ரூபாய் கொடுப்பதென்றால் குபேரனும் கடன் வாங்க வேண்டியதுதான். பாட்டியம்மாள் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது.

பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் செய்ததில் தவறொன்றுமில்லை. பைத்தான் என்னும் புரோகிராம் மொழியில், நாம் தட்டெழுத்தில் கொடுப்பதை அது எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். அது எண்தான் என்று நாம் சொன்னாலொழிய எண்ணாகக் கருதாது. எழுத்தை முப்பதால் பெருக்கு என்றால் முப்பது தடவை எழுதிக் காட்டும். 'எண்ணாக மாற்று' என்று ஒரே ஒரு சொல் சேர்த்ததும் விடை அறுபது என்று வந்துவிட்டது. இதே விஷயம் அவளுடைய இரண்டாவது நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் கோடிட்டு எழுதப்பட்டிருந்தது! எழுதி வைத்த போது நினைவில் நில்லாதது, முப்பது இரண்டுகளைக் கண்டபின் இந்த ஜன்மத்துக்கு மறவாது.

அந்த அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. புரோகிராம் தவறினால் தனக்கு அறிவில்லை என்று புதிதாகக் கற்பவர் நினைத்துக்கொள்கிறார். சரித்திரம் வேறு விதமாகச் சொல்லுகிறது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பவர் வகுத்த, ஆனால் கட்டி முடிக்கப்படாத கணக்கு யந்திரத்துக்காக, ஏடா லவ்லேஸ் சீமாட்டி 1843-ம் வருஷத்தில் பெர்னூலி எண்களைக் கணக்கிடும் முறையை ஓர் அட்டவணையாக வெளியிட்டார். உலகத்தின் முதல் புரோகிராம் என்று பலரும் கொண்டாடுவது அதைத்தான். அச்சான அந்த அட்டவணையில் ஓரிடத்தில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறி நிற்கின்றன. முதல் புரோகிராமே பிழையோடுதான் பிறந்தது! 1949-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் எட்ஸாக் என்ற கம்ப்யூட்டரை ஓடச் செய்த மாரிஸ் வில்க்ஸ், ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது, தம் ஆயுளில் மிச்சமிருப்பதில் பெரும் பகுதி தம்முடைய புரோகிராம்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்பதை உணர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதி வைத்தார். அவருக்கே அந்தக் கதி என்றால் கும்பகோணத்துப் பெண் ஏன் அழ வேண்டும்? நாமும் ஒரு காலத்தில் இந்த வித்தையில் கால் வைத்து, விட்டுப்போன ஒரு கால்புள்ளிக்காக ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தவர்கள்தாம். காலையில் காப்பி கொண்டுவந்த பையன் அதைக் கண்டுபிடித்தான்.

பிழை வந்தால் கம்ப்யூட்டர் சும்மா இருப்பதில்லை. சிவப்பெழுத்தில் நீளமாக ஏதோ சொல்லுகிறது. புதியவர்கள் அதைக் கண்டதும் வசவு கேட்டவர்கள் போல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு துப்புச் சீட்டு. பைத்தானில் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். என்ன தவறு என்பது கடைசி வரியில் இருக்கும். எந்த வரியில் தடுக்கி விழுந்தது என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும். பெண் ஒரு புதிய நோட்டுப் புத்தகம் போட்டாள். அதில் பாடம் ஒன்றும் கிடையாது. இன்ன தேதியில் இன்ன பிழை, நான் நினைத்தது இது, நடந்தது இது என்று மூன்று பத்தி மட்டும். ஆறு வாரத்தில் நாற்பத்தொரு பிழைகள் சேர்ந்தன. பழைய மூன்று நோட்டுப் புத்தகங்களையும்விட இந்த ஒன்று அதிகப் பெறுமானம் உள்ளது என்பது நம் அபிப்பிராயம்.

அடுத்தபடியாக ஒரு நாள் கணக்கை மாதக் கணக்காக்க வேண்டும். ஒன்றாம் தேதி முதல் முப்பதாம் தேதி வரை ஒவ்வொரு நாளாகக் கேட்டுக் கூட்டும் சுழல் ஒன்றை எழுதினாள். இந்த இடத்தில்தான் அந்த வீட்டில் ஒரு சிறு யுத்தம் மூண்டது.

அந்த மாதம் ஒரு நாளும் தவறாமல் இரண்டிரண்டு அளவு வாங்கியிருந்தார்கள். பால்காரர் ரூ. 1,800 என்றார். கம்ப்யூட்டர் ரூ. 1,740 என்றது. பெண் வாசலில் நின்று, "அண்ணே, அறுபது ரூபாய் கூடப் போட்டிருக்கிறீர்கள்" என்றாள். பால்காரர் முகம் சிறுத்துப் போயிற்று. "பாப்பா, இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுக்கு ஊத்தறேன். ஒரு நாள் கூட யாரும் இப்படிச் சொன்னதில்லை. நீங்களே எண்ணிப் பாருங்க" என்று சொல்லிச் சைக்கிளைத் திண்ணையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். தாத்தா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாட்காட்டியை ஒவ்வொரு குறியாக எண்ணினார். முப்பது நாள், அறுபது அளவு, ரூ. 1,800. பால்காரர் சொன்னதுதான் சரி. முப்பதாம் தேதிப் பாலைக் கம்ப்யூட்டர் குடித்துவிட்டது!

பைத்தானில் 'ரேஞ்ச்' என்று ஒரு சொல் உண்டு. ஒன்று முதல் முப்பது வரை என்று நினைத்து ஒன்று, முப்பது என அதற்குக் கொடுத்தால் அது இருபத்தொன்பதோடு நின்றுவிடும். கடைசியாகச் சொன்ன எண்ணை அது சேர்த்துக்கொள்ளாது. விசித்திரமாகத் தோன்றினாலும் இதற்குக் காரணம் உண்டு. எண்ணுவதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி முப்பதுக்கு முன் நிறுத்தினால் சரியாக முப்பது எண்கள் கிடைக்கும். கூட்டிக் கழிக்கும் வேலை மிச்சம். டைக்ஸ்ட்ரா என்னும் டச்சுப் பேரறிஞர் 1982-ல் இதை ஆதரித்துச் சிறு கட்டுரையே எழுதியிருக்கிறார். பத்து கஜ வேலிக்கு கஜத்துக்கு ஒரு கால் வீதம் எத்தனை கால் நட வேண்டும் என்று கேட்டால் பத்து என்று அவசரப்பட்டுச் சொல்லி, பதினோராவது காலுக்கு மறுபடியும் கடைக்கு ஓடுகிறோமல்லவா? புரோகிராம் எழுதுகிறவர்களை ஆயுள் முழுவதும் துரத்துகிற பிழை இந்த ஒன்று கூடும் ஒன்று குறையும் பிழைதான்.

பெண் பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அன்று முதல், எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் விடை தெரிந்த ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கிறாள். ஒரு நாள் மாதம், மூன்று நாள் மாதம், பாலே வாங்காத மாதம். விடை விரல் விட்டு எண்ணியதோடு ஒத்துப் போகிறதா? போனால்தான் பெரிய கணக்கு. வகுப்பில் இதைச் சோதனை என்று தனியாக ஒரு பாடமாகச் சொன்னார்களாம்; யாரும் கேட்கவில்லையாம். ஓர் ஏழையின் முகம் வாடியதைப் பார்த்தபின் அவள் கேட்டுக்கொண்டாள்.

இங்கே தாத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு பைத்தானும் தெரியாது, பாம்பும் தெரியாது. (அந்த மொழிக்குப் பாம்பை நினைத்துப் பெயர் வைக்கவில்லை. அதை 1991-ல் வெளியிட்ட கைடோ வான் ராஸம், பிரிட்டிஷ் டெலிவிஷனில் வந்த ஒரு ஹாஸ்யக் கோஷ்டியின் பெயரிலிருந்து அதை எடுத்துக்கொண்டார்.) ஆனால் பேத்தி எங்கேயாவது சிக்கிக்கொண்டால் தாத்தாவின் சாய்வு நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, "முதல் வரியில் இது, இரண்டாம் வரியில் இது" என்று வாய்விட்டுச் சொல்லுவாள். அவர் 'ஊம்' கொட்டுவார். நாலாவது வரிக்கு வரும்போது, "ஓ, இங்கேதான்!" என்று எழுந்து ஓடிவிடுவாள். அவர் பாட்டுக்கு ஊம் கொட்டிக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற புரோகிராம் நூலில், மேஜை மேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதனிடம் இவ்விதம் விளக்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. தாத்தாவிடம் இதை நாம் சொன்னோம். வாத்து என்றதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

எந்த மொழியில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நம் பதில் சுருக்கமானது: கையில் இருப்பதில். பைத்தான் எளிது; சிறுவர்களுக்கு, 2007-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலை வெளியிட்ட 'ஸ்கிராச்' இன்னும் எளிது. மூன்று மாதத்துக்கு ஒரு மொழி மாறுகிறவர்கள் எந்த மொழியிலும் பால் கணக்குப் போட மாட்டார்கள் என்பதை மட்டும் பார்த்திருக்கிறோம்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றைப் பெண்ணின் தகப்பனார் கேட்டார். 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், வாயால் சொன்னால் புரோகிராமை யந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறதே, பிறகு இவள் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான். இதனால் உத்தியோகங்கள் எப்படி மாறும் என்று ஜோஸ்யம் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்த யந்திரத்திடம் பால் கணக்குக் கேட்டால் நொடியில் ஐம்பது வரி எழுதித் தருகிறது. அது சரியா என்று யார் சொல்லுவது? முப்பதாம் தேதிப் பால் காணாமற்போனதைக் கண்டுபிடிக்க, ஒரு தடவையாவது அதைத் தானே தொலைத்திருக்க வேண்டாமா? கடைவீதியில் ஓட்டை போட்ட கோல அச்சு விற்கிறார்கள். மாவை நிரப்பி உருட்டினால் கோலம் விழுகிறது. புள்ளிக் கணக்குத் தெரிந்தவள் கையில் அது நல்ல கருவி; அவசரத்துக்கு உதவும். தெரியாதவள் கையில், ஓர் ஓட்டை அடைத்துக்கொண்டால் கோலம் எங்கே அறுந்தது என்று கூடத் தெரியாது.

ஆகையால் பெண்ணுக்கு ஓர் ஏற்பாடு செய்தோம். யந்திரத்தைக் கேட்கலாம், ஆனால் அரை மணி நேரம் தானே முயன்ற பிறகுதான். 'எழுதிக் கொடு' என்று கேட்கக் கூடாது. 'இந்தச் சிவப்பெழுத்துக்கு என்ன பொருள்?', 'என் யோசனையில் எங்கே ஓட்டை?' என்று கேட்கலாம். அது எதையாவது எழுதிக் காட்டினால், மூடி வைத்துவிட்டு மறுநாள் நினைவிலிருந்து எழுத வேண்டும். கிணற்றில் நீச்சல் பழகுகிற பையன் முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவதில் அவமானமில்லை. எந்தத் தினத்தில் அதை அவிழ்ப்பது என்று மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டை அவள் இரண்டு தடவை மீறினாள் என்று தாத்தா நம்மிடம் ரகசியமாகச் சொன்னார். இரண்டுதானா என்று நமக்கு ஆச்சரியம்.

தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் உட்காரவில்லை. ஆனால் ஒரு நாளும் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் பழைய புரோகிராமில் ஒரே ஒரு புதுக் காரியம் சேர்ந்தது. பாட்டியம்மாள் கேட்பதுதான் பாடத்திட்டம். "போன மாசம் எவ்வளவு ஆச்சு?" என்று ஒரு நாள் கேட்டார். கம்ப்யூட்டரை அணைத்ததும் எல்லாம் மறந்துபோயிருந்தது. ஆகவே கணக்கைக் கோப்பில் எழுதி வைக்கக் கற்றாள். "மோருக்கும் சேர்த்துப் போடு" என்றார். மோர் விலையில் காசுகளும் இருந்தன. கம்ப்யூட்டரிடம் 0.1, 0.2 இரண்டையும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று காட்டுகிறதே என்று மிரண்டாள். இரண்டின் அடுக்குகளில் எண்ணும் யந்திரத்தால் பத்தில் ஒன்றைத் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. நாம் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுத முடியாமல் 0.333 என்று இழுத்துக்கொண்டே போவதைப் போலத்தான். பணத்தை ரூபாயாக வைக்காமல் காசாக, முழு எண்ணாக வைத்துக்கொள் என்று சொன்னவர் தாத்தா. தாலுகா ஆபீஸ் அனுபவம்!

அண்டை வீட்டார் மூவர் தங்கள் கணக்கையும் சேர்க்கச் சொன்னார்கள். பெயர்களைத் தமிழில் போட்டுப் பட்டியல் அச்சிட்டபோது பத்திகள் கோணல் மாணலாக நின்றன. ஒவ்வொரு பெயரையும் ஒரே நீளமாக்க எழுத்துக்களை எண்ணச் சொல்லியிருந்தாள். 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? முதல் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். பைத்தான் ஐந்து என்று சொல்லுகிறது. த ஒன்று, ம இரண்டு, இகரக் கொம்பு மூன்று, ழ நான்கு, தலைமேலுள்ள புள்ளி ஐந்து. கம்ப்யூட்டர்களில் எழுத்துக்களை வைக்கும் யூனிகோட் முறையில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி எண் பெற்றவை. ஆகவே கொம்பையும் காலையும் புள்ளியையும் கழித்துவிட்டு எண்ணும்படி அவளே ஒரு சிறு பகுதி எழுதினாள். ஒன்பது வரி. அதை எந்தப் பாடத்திலும் அவள் பார்த்ததில்லை. எழுதி முடித்த அன்று இரவு பத்து மணிக்கு நம்மைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, மூன்று என்று சொல்லிவிட்டது!" என்றாள். என்ன மூன்று என்று புரிந்துகொள்ள நமக்குச் சற்று நேரமாயிற்று.

மறுநாள் அவள் யாரும் சொல்லாமலே அந்தப் பழைய காகிதக் கேள்வியை எடுத்து உட்கார்ந்தாள். முதலில் எழுதியது தவறு. மூன்றால் வகுபடுகிறதா என்று முன்னதாகச் சோதித்ததால், பதினைந்து வந்தபோது முதல் சொல்லோடு நின்றுவிட்டது. ஒன்று முதல் பதினைந்து வரை கையால் எழுதி ஒத்துப் பார்த்தாள், பிழை தெரிந்தது, இரண்டாலும் வகுபடுகிறதா என்பதை முதலில் வைத்தாள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம்.

ஆறு மாதத் தவணை சென்ற மாதம் முடிந்தது. உத்தியோகம் இன்னும் கிடைக்கவில்லை, அதை மறைப்பதற்கில்லை. இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். ஒன்றில் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். மற்றொன்றிலிருந்து பதிலுக்குக் காத்திருக்கிறாள். வளையல்களும் இன்னும் மீளவில்லை. தகப்பனார் தவணையை நீட்டியிருக்கிறார். காரணம் கேட்டால், "மின்சாரக் கட்டணத்தையும் அதில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்" என்று மழுப்புகிறார்.

பால்காரர்தான் இப்போது பெரிய வாடிக்கைக்காரர். நாற்பது வீட்டுக் கணக்கையும் பாப்பாவே போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும், யாருக்கு எந்த நாளில் பால் வேண்டாம் என்பதைத் தம் கைப்பேசியிலேயே குறித்துக்கொள்ள வகை செய்ய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். மாதம் இருநூறு ரூபாய் தருவதாகவும் பேச்சு. நாம் கடைசியாகப் போயிருந்தபோது வாசல் திண்ணையில் மூவரும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மாதத்துக்கு எத்தனை நாள் என்பதைப் புரோகிராமே தெரிந்துகொள்ளும் என்று பேத்தி பெருமையோடு சொன்னாள்.

தாத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பிப்ரவரியில் இருபத்தொன்பது தேதி வந்தால்?" என்று கேட்டார்.

"அது 2028-ல்தானே வரும், தாத்தா!" என்றாள் பெண். சொல்லிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். தட்டெழுத்துச் சத்தம் கேட்டது.